சைகோன் நூதனசாலையில் பரமுவின் கையெழுத்து

தவநாயகிக்குப் பிள்ளைகள் மூன்று. மூத்தவள் அருமைநாயகி. அவளுக்கு இரண்டு வயது இளையவன் பரமேஸ்வரன், வீட்டில் பரமு. அதற்குப் பிறகு பத்து வருஷம் ஒன்றும் தங்காமல், இனி இல்லையென்று எல்லாரும் கைவிட்ட நேரத்தில் வந்து பிறந்தவன் யோகராஜா. ஆகையால் அருமைநாயகியும் பரமுவும் ஒரு பாயில் படுத்து, ஒரு கோப்பையில் சாப்பிட்டு, ஒருவருக்கு விழுந்த அடிக்கு மற்றவர் அழுது வளர்ந்தவர்கள். யோகராஜாவோ அவர்கள் இரண்டு பேரும் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. இதைச் சொல்லி வைத்தால்தான் பிறகு நடந்தது விளங்கும்.

தகப்பன் கண்ணை மூடின பிறகு, 1964இல் பரமு கொழும்பில் கப்பலேறினான். குசினி வேலை. ஏழு வருஷம் கடலிலே சுற்றினவன், வியட்நாமில் சைகோன் துறைமுகத்தில் இறங்கினான்; கப்பல் போய்விட்டது, அவன் போகவில்லை. அங்கே காரைக்கால்காரர் ஒருவர் துணிக்கடை வைத்திருந்தார். தமிழ் கேட்ட இடத்தில் கால் நின்றுவிட்டது என்று எழுதினான். தாய் தவநாயகிக்கு அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினது அருமைநாயகிதான்.

கடைசிக் கடிதம் 1975 தை மாதம் வந்தது. அதில் இப்படி எழுதியிருந்தான்:

“இங்கே மிருகக்காட்சிச்சாலைக்குப் பக்கத்தில் ஒரு நூதனசாலை இருக்கிறது. அதற்குள்ளே எங்கட பிள்ளையார் ஒருவர் இருக்கிறார், அக்கா. ஆயிரம் வருஷம் பழையவராம். விளக்கில்லை, பூவில்லை, பூசையில்லை. பாவமாக இருக்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அர்ச்சனை செய்ய ஐயர் இல்லை. ஆனால் வாசலில் வந்தவர்கள் பேர் எழுத ஒரு கொப்பி வைத்திருக்கிறார்கள். நான் அதில் எங்கட வீட்டு ஆட்கள் எல்லாருடைய பேரையும் நட்சத்திரத்தையும் தமிழில் எழுதிப்போட்டு வருகிறேன். அவருக்கு வாசிக்கத் தெரியும்தானே.”

அந்தச் சித்திரை மாதத்தில் சைகோன் விழுந்தது. ரேடியோவில் கேட்டார்கள். அதற்குப் பிறகு கடிதம் இல்லை. கடை விலாசத்துக்கு அருமைநாயகி எழுதினவை சில திரும்பி வந்தன, சில வரவுமில்லை. நாலு வருஷம் கழித்துத் தவநாயகி கண்ணை மூடினாள். கடைசி நாட்களில் அவள் கேட்டது மகன் உயிரோடு இருக்கிறானோ என்றல்ல. “அவன் அங்க சோத்துக்கு என்ன கறி காய்ச்சுறானோ” என்றுதான் கேட்டாள். தாய்க்கு மகன் இருக்கிறான் என்பதில் சந்தேகமே வரவில்லை, கறியில்தான் சந்தேகம்.

1983 கலவரத்துக்குப் பிறகு அருமைநாயகியின் புருஷன் செல்வரத்தினம் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். 1985இல் அவளும் வந்தாள். பிளேஸ்டோவில் வீடு. பிள்ளைப் பாக்கியம் இல்லை. அவள் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற பெரிய சலவைக்கூடம் ஒன்றில் காலை ஷிப்டுக்குப் போனாள். செல்வரத்தினம் 1991இல் நெஞ்சு நோவென்று சொல்லி உட்கார்ந்தவர் எழும்பவில்லை. அதோடு அவளுக்கு மிச்சமாக இருந்தது பக்கத்தில் பார்க்கிங் என்கிற ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்த யோகராஜா, அவன் மகள் சிவகௌரி, பிறகு சலவைக்கூடத்துச் சிநேகிதிகள் இரண்டு பேர்.

அந்த இரண்டு பேரில் ஒருத்தி பியற்றிஸ். மன்னார்க்காரி, கத்தோலிக்கப் பிள்ளை. வாய் கொஞ்சம் நீளம், மனம் அதைவிட நீளம். மற்றவள் லான். வியட்நாமிலிருந்து வள்ளத்தில் தப்பி, ஹொங்கொங் முகாமில் கிடந்து, லண்டனுக்கு வந்தவள். சைகோன்காரி. அருமைநாயகியின் ஆங்கிலத்தையும் லானின் ஆங்கிலத்தையும் சேர்த்தால் ஒரு ஆள் பேசுகிற அளவுக்குத்தான் வரும். ஆனாலும் ஈரத் துணியை இரண்டு முனையில் பிடித்து மடிக்கிற வேலையில் பத்து வருஷம் எதிரும் புதிருமாக நின்றவர்களுக்குப் பேச்சு ஒரு தடையா? லான் அவளை “அக்கா” என்றே கூப்பிடுவாள். அது அவளுடைய பேர் என்றுதான் முதல் ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

லானின் ஊர் சைகோன் என்று தெரிந்த அன்றைக்கே அருமைநாயகி நூதனசாலையைப் பற்றிக் கேட்டாள். “ஓ, மிருகக்காட்சிச்சாலையா? சின்ன வயசில போயிருக்கிறன். யானை பாத்தன்” என்றாள் லான். அருமைநாயகிக்கு அதுவே போதுமாக இருந்தது. அந்த இடம் கடிதத்துக்கு வெளியேயும் இருக்கிறது.

1996ஆம் வருஷம், மாசி மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங் வீட்டில் சாப்பிட்டு முடிந்ததும் யோகராஜா தொண்டையைச் செருமினான்.

“அக்கா, ஒரு கதை கதைக்கவேணும். கோவிக்கக்கூடாது.”

“கோவிக்கிற கதையெண்டால் சாப்பிட முந்திச் சொல்லியிருக்கலாமே. பசியெண்டாலும் மிஞ்சியிருக்கும்.”

“அண்ணையின்ர விஷயம்.”

அருமைநாயகி மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

“இருவத்தொரு வருஷம் போச்சு. பன்னிரண்டு போனாலே தர்ப்பையில உருவஞ்செய்து கிரியை செய்யலாம் எண்டு சொல்லினம். நான் ஆர்ச்வே கோயில்ல ஐயரோடயும் கதைச்சனான். கௌரிக்கு மூண்டு இடம் பொருந்தி வந்து தட்டிப்போச்சு. சாத்திரியார் குறிப்பைப் பாத்திட்டு, தகப்பன் பக்கத்தில ஒரு ஆள் வழியில்லாமல் நிக்குது எண்டு சொல்லுறார். அண்ணைக்கு நாங்கள் செய்யவேண்டியதைச் செய்யேல்லை, அக்கா.”

“சாத்திரியார் உன்ர அண்ணையைக் கண்டவரோ?”

“இருந்தவரெண்டால் ஒரு கடிதம் போடாமல் இருந்திருப்பாரோ? அந்தச் சண்டைக்குள்ள...”

“சண்டைக்குள்ள இருந்து நீயும் நானும் வரேல்லையோ? எங்களுக்கு ஆர் தர்ப்பை பிடுங்கினது?”

குசினிக்குள் கோப்பை கழுவிக்கொண்டிருந்த சிவகௌரி தண்ணீரை நிறுத்திவிட்டாள். அவளுக்கு இருபத்தாறு வயது. அவள் தன் வாயால் ஒரு நாளும் இதைக் கேட்டதில்லை. அதுதான் அருமைநாயகியைச் சுட்டது. ஒரு பக்கம் எங்கேயென்று தெரியாத தம்பி. மற்றப் பக்கம் கண்ணுக்கு முன்னால் நிற்கிற குமர்ப்பிள்ளை.

“எனக்கு ஐப்பசி மட்டும் தவணை தா” என்றாள். “லான் ஆவணியில தாயைப் பாக்கப் போறாள். நானும் போறன். அந்தக் கொப்பியைப் பாக்கவேணும். சைகோன் விழுந்த பிறகு அவன் ஒரு தரமெண்டாலும் அதில பேர் எழுதியிருந்தால் கிரியை இல்லை. எழுதாட்டி, வந்து நானே ஐயருக்குத் தட்சணை வைக்கிறன்.”

“இருவத்தொரு வருஷக் கொப்பியை ஆர் வச்சிருக்கப் போயினம்? புதுப் பாஸ்போட் எடுத்து, முதல் முத்திரை வியட்நாமோ? விசரோ உங்களுக்கு?”

“ஊருக்குப் போக விட்டால் அங்க குத்துவிப்பன். சண்டையில யாழ்ப்பாணமே வெளிக்கிட்டு வன்னிக்குப் போயிட்டுது. நான் ஆரைப் பாக்கப் போறது?”

யோகராஜா ஐப்பசி மட்டும் என்று ஒத்துக்கொண்டான்.

அருமைநாயகி தன் அறுபது வயதுக்குள் நூதனசாலை ஒன்றுக்குள்ளும் கால் வைத்ததில்லை. லண்டனுக்கு வந்து பதினொரு வருஷம். பிளேஸ்டோவில் ரயிலேறினால் சலவைக்கூடம், பார்க்கிங், ஆர்ச்வே முருகன் கோயில், இவ்வளவுதான். “பள்ளிக்கூடத்துக்கு விட முதல் ஏடு தொடக்கவேணும், வாங்கோ” என்று பியற்றிஸ் ஒரு சனிக்கிழமை அவளை நகரத்து நடுவிலே இருக்கிற பெரிய நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு நீள அறை முழுக்க எங்கள் சாமிகள். நடராசர், அம்மன், சோமாஸ்கந்தர்.

பியற்றிஸ் இடுப்பில் கைவைத்து ஒரு பார்வை பார்த்தாள். “பாருங்கோ அக்கா. எங்களை ஹோம் ஒபிசில ஆறு வருஷம் இழுத்தடிச்சவங்கள், உங்கட சாமிமாருக்குக் கேள்வி கேக்காமலே விசா குடுத்திருக்கிறாங்கள். வீடும் குடுத்து, ஹீற்றரும் போட்டு.”

அருமைநாயகி சிரித்தாள். ஆனால் போகிற வழியில் காவலாளியிடம், வந்தவர்கள் பேர் எழுதுகிற கொப்பி நிரம்பினால் என்ன செய்வீர்கள் என்று பியற்றிஸைக் கொண்டு கேட்பித்தாள். பழைய கொப்பிகளைப் பொதுவாக எறியமாட்டார்கள், எங்கேயாவது அடுக்கி வைத்திருப்பார்கள் என்றான் அவன். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் விமானமேறினாள்.

சைகோனுக்கு இப்போது வேறு பேர். ஆனால் லானின் தாய் சைகோன் என்றுதான் சொன்னாள். ஆற்றங்கரைப் பக்கம் ஒடுங்கின ஒழுங்கையில் வீடு. கிழவி அருமைநாயகியின் கையைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். “மகளோட துணி மடிச்ச கை இதுதானா எண்டு கேக்கிறா” என்றாள் லான்.

முதல் நாள் மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். பரமு பழைய கடிதங்களில் எழுதின கோயில்தான். அங்கே விளக்கு எரிந்தது, ஊதுபத்தி புகைந்தது, கும்பிட வந்தவர்கள் எல்லாரும் அந்த ஊர்ச் சனம். தமிழர்கள் எழுபத்தைந்துக்குப் பிறகு பிரான்சுக்கும் இந்தியாவுக்கும் போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். துணிக்கடை இருந்த தெருவில் சைக்கிள் திருத்துகிற கடை இருந்தது. காரைக்கால்காரரின் பேரைச் சொன்னால் தலையை ஆட்டினார்களே தவிர ஒருவருக்கும் தெரியவில்லை.

இரண்டாம் நாள் லான் அவளைத் தவறான இடத்துக்குக் கூட்டிப் போனாள். மோட்டார் சைக்கிள்காரனிடம் “நூதனசாலை” என்று மட்டும் சொன்னாள். வெளிநாட்டுக்காரர் கேட்டால் கொண்டுபோய் விடுகிற இடத்தில் அவன் விட்டான். வாசலில் சண்டை விமானமும் பீரங்கித் தாங்கியும் நின்றன. உள்ளே சுவர் முழுக்கச் சண்டைப் படங்கள். வயலுக்குள் கிடந்தவர்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கிறவர்கள், எரிந்த ஓலை வீடுகள். லான் வாசலோடு நின்றுவிட்டாள், வரவில்லை. அருமைநாயகி ஒவ்வொரு படத்துக்கும் கிட்டப் போய், முன்னால் நிற்கிறவர்களை விட்டுவிட்டுப் பின்னால் மங்கலாகத் தெரிகிற முகங்களைப் பார்த்தாள். உயரமாக, கறுப்பாக, இடப்பக்கம் வகிடெடுத்த தலை. ஒருவருமில்லை. வெளியே வந்தபோது லான் கேட்டாள்:

“உங்கட நாட்டிலயும் இப்பிடி ஒரு வீடு இருக்கா, அக்கா?”

“இன்னும் கட்டேல்லை. படம் இன்னும் முடியேல்லை” என்றாள் அருமைநாயகி.

மூன்றாம் நாள் போனது பழைய மாளிகை ஒன்றில் இருந்த வேறொரு நூதனசாலை. அங்கே நாணயமும் கல்யாண உடுப்பும் மண்பானையும் இருந்தன, பிள்ளையார் இல்லை. லானுக்கு வெட்கமாகப் போய்விட்டது. “என்ர ஊர். எனக்கே தெரியேல்லை” என்றாள். அருமைநாயகி, “அதுக்கென்ன, நான் லண்டனில பதினொரு வருஷம். எனக்கு என்ன தெரியும்?” என்று அவளைத் தேற்றினாள். தேற்றினாளே தவிர, விமானத்துக்கு இன்னும் ஆறு நாள்தான் என்று உள்ளுக்குள் ஒரு ஆணி இறங்கிக்கொண்டே இருந்தது.

நாலாம் நாள், மிருகக்காட்சிச்சாலைக்குப் பக்கத்தில் கோபுரம் போலக் கூரை வைத்த கட்டிடம். பெரிய புத்தர்களைத் தாண்டி மூன்றாவது அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். மூலையில் ஒரு கல் மேடையில் பிள்ளையார் இருந்தார். ஒரு கொம்பு முறிந்தவர். வயிறு எங்கள் பிள்ளையாரைவிடக் கொஞ்சம் ஒட்டினது. ஆனால் அந்த இருப்பு அவருடையதுதான்.

அருமைநாயகி யோசிக்கவே இல்லை. அறை வாசலில் சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போய், தலையில் மூன்று குட்டுக் குட்டி, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டாள்.

பின்னாலே பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. வாசலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்ததும் இங்கே கழற்றத்தான் வேண்டுமாக்கும் என்று முதல் பிள்ளை தன்னுடையதைக் கழற்றியது. அதைப் பார்த்து அடுத்தது. வாத்தியார் அம்மா வந்து பார்க்கிறபோது நாற்பது சோடி செருப்பு வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. அவள் கத்த, காவலாளி ஓடிவர, பிள்ளைகள் ஆளுக்கொரு செருப்பைத் தேடி அடிபட, லான் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

இந்த அமளிக்கு நடுவிலே, அறையைக் கூட்டிக்கொண்டிருந்த வயதான ஒரு மனுஷி தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு வந்து, அருமைநாயகியின் வெறுங்காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் காலைப் பார்த்தாள். பிறகு லானிடம் ஏதோ சொன்னாள்.

லானின் கை வாய்க்குப் போனது.

“என்ன? என்ன சொல்லுறா?”

“முந்தி ஒரு ஆள் வருவாராம், அக்கா. இதே மாதிரி. சப்பாத்தை வாசல்ல விட்டிட்டு வந்து, தலையில குட்டுவாராம். கறுப்பு ஆள். உயரம். நாங்கள் அவருக்கு ‘வெறுங்கால் ஐயா’ எண்டு பேர் வச்சிருந்தம் எண்டு சொல்லுறா.”

“எப்ப? கேள். எப்ப வந்தவனாம்?”

அந்த மனுஷி இந்த வேலைக்கு வந்தது சண்டை முடிந்து நூதனசாலை மறுபடி திறந்த பிறகு. அதற்கு முந்தி அவள் அங்கே இல்லை. அப்படியென்றால்! அருமைநாயகி பிள்ளையாரின் மேடையைப் பிடித்துக்கொண்டாள். தொடக்கூடாது என்று காவலாளி சொல்லவில்லை.

கடைசியாக எப்போது வந்தான் என்று அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தன் மகளின் கல்யாணத்துக்கு முந்தி என்றாள். பத்து வருஷம் இருக்கலாம், கூடவும் இருக்கலாம்.

கொப்பிகளைப் பற்றிக் கேட்டதற்கு அலுவலகத்து மனுஷர் முதலில் இல்லை என்று கையை விரித்தார். எழுபத்தைந்துக்கு முந்தினவை ஒன்றுமே இல்லை. எங்கே போனதென்று அவருக்கும் தெரியாது. பரமு கடிதத்தில் எழுதின கொப்பி, அவள் இருபத்தொரு வருஷமாக மனதில் புரட்டின கொப்பி, அது போய்விட்டது. ஆனால் கூட்டுகிற மனுஷி விடவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு அலுமாரி இருக்கிறது, அதற்குள் பிந்தின கொப்பிகள் கிடக்கின்றன என்று அவரோடு வாதாடினாள். அவர் கடைசியில் அலுமாரித் திறப்பை எடுத்துக் கொடுத்தார்.

பதினாலு கொப்பிகள். மட்டை கழன்றது, செல்லரித்தது, ஈரம் குடித்து உப்பினது. லானும் அவளும் நிலத்தில் இருந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். வியட்நாம் எழுத்து, ரஷ்ய எழுத்து, பிரெஞ்சு, சீனம். கியூபாவிலிருந்து வந்த ஒருவன் ஒரு பக்கம் முழுக்கக் கொடி கீறியிருந்தான். முதல் நாள் ஐந்து கொப்பி, ஒன்றும் இல்லை. அடுத்த நாள் மத்தியானம் எட்டாவது கொப்பியில், ரஷ்ய எழுத்து இரண்டுக்கு நடுவிலே, நாலு விரல் அகலத்தில் தமிழ் இருந்தது.

அருமைநாயகி உடனே வாசிக்கவில்லை. முதலில் எழுத்தின் வடிவத்தைத்தான் பார்த்தாள். பரமு ‘ந’னாவின் வாலை இழுத்து அடுத்த எழுத்துக்குக் கீழே கொண்டுபோய் விடுவான். வாத்தியாரிடம் அதற்காக எத்தனை அடி வாங்கியிருக்கிறான். வால் அப்படியே இருந்தது.

துன்மதி வருஷம், ஆவணி மாதம்.
தவநாயகி - மிருகசீரிடம்.
அருமைநாயகி - பூரட்டாதி.
பரமேஸ்வரன் - உத்திரம்.
யோகராஜா - சுவாதி.
ஹோவா - நட்சத்திரம் தெரியாது.
செல்வமலர் - ரேவதி.

“என்ன வருஷம், அக்கா?” என்று லான் கேட்டாள். “எந்த வருஷம் போட்டிருக்கு?”

அருமைநாயகிக்குப் பஞ்சாங்கம் வேண்டியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் புத்தகசாலை எரிந்த வருஷம் துன்மதி. எரிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை அப்போது. பேருக்கேற்ற வருஷம் என்று சந்தியில் நின்று சனம் சொன்னது அவள் காதில் இன்னும் கிடக்கிறது.

“எண்பத்தொண்டு” என்றாள். லான் மேலே இருந்த ரஷ்யக்காரனின் திகதியைப் பார்த்தாள். அதுவும் எண்பத்தொன்று, எட்டாம் மாதம்.

அங்கே நூலகம் எரிந்து சாம்பல் பறந்துகொண்டிருந்த காலத்தில், இங்கே இவன் வெறுங்காலோடு வந்து நின்று வீட்டாருக்கு அர்ச்சனை எழுதியிருக்கிறான். தாய்க்கு முதல் இடம். தாய் போய் இரண்டு வருஷம் என்று தெரியாமல், மிருகசீரிடம் என்று அழுத்தி எழுதியிருக்கிறான். அருமைநாயகி அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

“இது ஆர், ஹோவா?” என்று பிறகு கேட்டாள்.

“எங்கட பொம்பிளைப் பேர், அக்கா. ஹோவா எண்டால் பூ.”

பூ. அதற்குக் கீழே செல்வமலர். தாயின் பேரைத் தமிழாக்கி மகளுக்கு வைத்திருக்கிறான். பெண்சாதியின் நட்சத்திரம் தெரியாது, அவளுக்கே தெரிந்திருக்காது. அதை மறைக்காமல் பிள்ளையாரிடம் உள்ளபடி சொல்லியிருக்கிறான். மகளுக்கு மட்டும், நாளும் நேரமும் பார்த்து, எப்படியோ கணக்குப் போட்டு ரேவதியைக் கண்டுபிடித்திருக்கிறான். எண்பத்தொன்றில் கைக்குழந்தை என்றாலும் இப்போது பதினைந்து வயது. கூடவும் இருக்கலாம்.

மற்ற ஆறு கொப்பிகளிலும் தமிழ் இல்லை. ஆனால் நடுவில் எத்தனை கொப்பிகள் செல்லுக்குப் போயின என்று யாருக்குத் தெரியும். அலுவலகத்து மனுஷர் அந்தப் பக்கத்தைப் படமெடுக்க விட்டார். வாசலில் இருந்த புதுக் கொப்பியில் அருமைநாயகி எழுதினாள். எழுத்து அவளுக்கு அவ்வளவு ஓடாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ‘பரமு, அம்மா சித்தார்த்தி வருஷம் மார்கழியில் மோசம் போயிட்டா. நானும் தம்பியும் லண்டனில்’ என்று எழுதி, பிளேஸ்டோ விலாசத்தையும் லானின் தாய் வீட்டு விலாசத்தையும் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கொப்பியைப் பார்க்கிறேன் என்று லானின் தாய் பிறகு சொன்னாள். வெறுங்கால் ஐயா வந்தால் கொப்பியைக் காட்டத் தனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை என்றாள் கூட்டுகிற மனுஷி.

மிச்சமிருந்த மூன்று நாளும் அவள் தெருவைத்தான் பார்த்தாள். அந்த ஊரில் பள்ளிக்கூடம் விட்டால் வெள்ளை உடுப்புப் போட்ட பெட்டைகள் சைக்கிளில் ஆறுபோல வருவார்கள். ஒழுங்கை முகப்பில் கதிரை போட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கொஞ்சம் கறுப்பாக, கொஞ்சம் உயரமாக ஒரு பிள்ளை வந்தால் எழும்பிவிடுவாள். “அக்கா, எத்தினை பிள்ளையளுக்குத்தான் எழும்புவீங்கள்?” என்று லான் கேட்டாள். “எல்லாருக்கும்” என்றாள் அவள். “ஒருத்தியை விட்டால் அவளாத்தான் இருக்கும்.”

போகும்போது அவள் ஒருவனுக்காக ஏங்கினாள். திரும்பும்போது மூன்று பேருக்காக.

புரட்டாதி பிறந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. கழுவி எடுத்த படத்தோடு பார்க்கிங்குக்குப் போனாள். பியற்றிஸும் கூட வந்தாள். தமக்கைக்கும் தம்பிக்கும் வாய்த்தர்க்கம் வந்தால் நடுவில் நிற்க ஒரு ஆள் வேண்டுமென்று அவளே சொல்லிக்கொண்டு வந்தாள்.

யோகராஜா படத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, யன்னல் பக்கம் போனான். சிவகௌரி அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதலில் சொன்னது இதுதான்:

“எண்பத்தொண்டு. அதுக்குப் பிறகும் பதினைஞ்சு வருஷம் போட்டுது, அக்கா.”

அருமைநாயகி மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். பேச்சு என்னவோ எழுதியிருந்தால் கிரியை இல்லை என்பதுதான். ஆனாலும் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. பதினைந்தும் பன்னிரண்டைத் தாண்டினதுதான்; கூட்டுகிற மனுஷி சொன்ன பத்து வருஷத்துக்கோ எழுத்து இல்லை. அவள் ஏதோ சொல்ல வாயெடுக்க, பியற்றிஸ் அவள் கையைப் பிடித்தாள்.

யோகராஜா படத்தை இன்னும் கிட்டப் பிடித்தான்.

“இதைப் பாரன்! சுவாதியாம்! நான் விசாகம். அம்மா விசாகமெண்டு எழுதி வச்சவ. அப்புதான் நேரத்தைப் பிழையாப் பாத்துச் சுவாதி எண்டவர். அண்ணையும் அவரோட சேந்துகொண்டு, கோயிலுக்குப் போனால் வேணுமெண்டே சுவாதி எண்டு ஐயருக்குச் சொல்லுவார். நான் நிண்டு அழுவன். எத்தினை தரம் சொல்லியாச்சு! இந்த மனுசன் இப்பவும் என்னைச் சுவாதி எண்டுதானே எழுதுறார்!”

“அப்பா” என்றாள் சிவகௌரி மெல்ல. “எழுதுறார் எண்டு சொல்லுறீங்கள்.”

யோகராஜா மகளைப் பார்த்தான். தமக்கையைப் பார்த்தான். இருபத்தொரு வருஷமாக அண்ணையைப் பற்றி ‘இருந்தவர்’, ‘சொன்னவர்’, ‘போனவர்’ என்றே பேசிப் பழகின வாய், தன்னை அறியாமல் தடுக்கி விழுந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி, சாரத்தின் நுனியால் துடைக்கத் தொடங்கினான். துடைத்து முடிகிற மாதிரித் தெரியவில்லை.

“எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாளாம், மாமி” என்று சிவகௌரி அருமைநாயகியின் பக்கத்தில் வந்து இருந்தாள். “எனக்காக அவளின்ர அப்பாவுக்குத் தர்ப்பை பிடுங்கவேண்டாம். எனக்கு நடக்கிறது நடக்கட்டும்.”

“நல்லாச் சொன்னாய் பிள்ளை” என்றாள் பியற்றிஸ். “சாத்திரியாருக்கு நான் அந்தோனியாரிட்டச் சொல்லி ஒரு வழி பண்ணுறன்.”

அருமைநாயகிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. யோகராஜா எழும்பிப் போய்த் தொலைபேசியை எடுத்தான். முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றான்.

“ஐயா, நான் பார்க்கிங் யோகராஜா கதைக்கிறன்... ஓம், ஓம், சுகம். ஐப்பசியில அண்ணைக்குச் செய்யிறதெண்டு சொன்னனான், அது வேண்டாம் ஐயா... இல்லை, ஆள் வரேல்லை...” அவன் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டான். “கடிதம் ஒண்டு வந்திருக்கு. கொஞ்சம் பிந்தித்தான் வந்திருக்கு.”